காசு உங்கள் கையில் படக்கூடாது

வரியற்ற சேமிப்புக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்ற நினைக்கும் கனடாத் தமிழர்கள் கவனத்துக்கு

ஒரு வங்கியில் இருக்கும் வரியற்ற சேமிப்புக் கணக்கை (ரி.எஃப்.எஸ்.ஏ) இன்னொரு வங்கிக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. புதிய வங்கிக்குப் போய் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருப்பது ஒன்று. பழைய வங்கியில் காசை எடுத்து, புதிய வங்கியில் நாமே போடுவது மற்றது. இரண்டாவது வழி அன்றைக்கே முடிந்துவிடும். படிவம் இல்லை, காத்திருப்பு இல்லை, மாற்றுக் கட்டணம்கூடப் பெரும்பாலும் இல்லை. எந்தக் காசையும் நாம் ஆயுள் முழுக்க அப்படித்தான் இடம் மாற்றி வந்திருக்கிறோம். ஆனால் அந்த வழியில் போனவர்களில் பலருக்குத்தான் அடுத்த வருடம் கனடா வருமானவரி முகமையான சி.ஆர்.ஏயிடமிருந்து தண்டவரிக் கடிதம் வருகிறது.

கடிதத்தில் என்ன இருக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். ஒருவர் 2019 இல் கனடாவுக்குக் குடிவந்தார். அன்றிலிருந்து 2026 வரை அவருக்குக் கிடைத்த வைப்பு வரம்பு மொத்தம் 51,500 டொலர். சிறுகச் சிறுகச் சேர்த்து அதை முழுவதும் நிரப்பிவிட்டார். வளர்ச்சியோடு இன்று அவருடைய ரி.எஃப்.எஸ்.ஏ கணக்கில் 60,000 டொலர் இருக்கிறது. மே மாதம் வேறொரு வங்கி நல்ல வட்டி தருகிறது என்று கேள்விப்பட்டு, 60,000 டொலரையும் எடுத்து அங்கே புதிதாகத் திறந்த ரி.எஃப்.எஸ்.ஏயில் போடுகிறார். அவர் ஒரு டொலர்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அந்த 60,000 முழுவதும் வரம்பு மீறிய வைப்பு. மீறிய தொகைக்கு மாதம் 1 வீதம் வரி, அதாவது மாதம் 600 டொலர். மே தொடங்கி டிசம்பர் வரை எட்டு மாதத்துக்கு 4,800 டொலர். நல்ல வட்டி என்று நம்பிப் போன இடத்தில் அந்த வருடம் கிடைக்கும் வட்டியைவிட இது பெரிய தொகை.

காரணம் ஒரே ஒரு விதி. ரி.எஃப்.எஸ்.ஏயிலிருந்து எடுத்த தொகைக்குரிய வரம்பு நமக்குத் திரும்பக் கிடைக்கும், ஆனால் உடனே அல்ல. அடுத்த வருடம் ஜனவரி 1 ஆம் திகதிதான். மே மாதம் எடுத்தவருக்கு அந்த 60,000 டொலருக்கான இடம் டிசம்பர் முடியும் வரை இல்லை. இல்லாத இடத்தில் காசு போட்டதற்குத்தான் தண்டம். அதே காசை வங்கிகள் தமக்குள்ளே நேரடியாக மாற்றிக்கொண்டிருந்தால் அது எடுத்ததாகவும் கணக்கில்லை, போட்டதாகவும் கணக்கில்லை. வரம்பில் ஒரு சதமும் அசையாது.

காசு ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று, உரிமையாளரும் ஒருவர்தான். இடையில் அது அவருடைய கையில் ஒரு மணி நேரம் இருந்ததா இல்லையா என்பதில் 4,800 டொலர் தங்கியிருக்கிறது.

யாருக்கும் தெரியாத வரம்பு

வங்கி ஊழியர் ஏன் தடுக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பழைய வங்கியின் கவுண்டரில் இருப்பவர் உங்கள் காசை நீங்கள் கேட்டதால் தருகிறார். புதிய வங்கியில் இருப்பவர் வைப்பு வருகிறது என்று வாங்கிக்கொள்கிறார். உங்களுக்கு எவ்வளவு வரம்பு மிச்சம் என்பது இருவரின் திரையிலும் தெரியாது. ஒருவர் எத்தனை நிறுவனங்களிலும் ரி.எஃப்.எஸ்.ஏ வைத்திருக்கலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து வரம்பு ஒன்றுதான். ஆகவே ஒரு வங்கி தன்னிடம் உள்ளதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. சி.ஆர்.ஏக்கும் அந்த நேரத்தில் தெரியாது. வருடம் முழுக்க நடந்த வைப்புகளையும் எடுப்புகளையும் நிறுவனங்கள் அடுத்த வருடம் பெப்ரவரி முடிவுக்குள்தான் அறிவிக்கின்றன. மே மாதம் நடந்த தவறு அரசின் கண்ணில் படும்போது தண்டம் பல மாதம் ஏறி நின்றுவிடும்.

சி.ஆர்.ஏயின் இணையக் கணக்கில் தெரியும் வரம்பை நம்பிப் போடுபவர்களும் இதே பொறியில் விழுகிறார்கள். அங்கே தெரிவது ஜனவரி 1 ஆம் திகதி நிலவரம். இந்த வருடம் நீங்கள் போட்டது அதில் கழிக்கப்பட்டிருக்காது. வருடத் தொடக்க மாதங்களில் பார்த்தால் கடந்த வருடத்தில் போட்டதும் சேராமல் இருக்கலாம். தாமாகவே ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி வைப்பவர்களிடம் இருப்பதே சரியான கணக்கு.

இந்தத் திட்டம் பிறந்ததிலிருந்தே இதே குழப்பம்தான். அன்றைய நிதியமைச்சர் ஜிம் ஃபிளாகர்ட்டி 2008 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்க, 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் வருட வரம்பு 5,000 டொலர். சாதாரண சேமிப்புக் கணக்கைப் போலவே போட்டு எடுத்துப் போட்டு எடுத்தார்கள் மக்கள். 2010 இல் பல்லாயிரம் பேருக்கு வரம்பு மீறியதாகக் கடிதம் போனது. புதிய திட்டம் என்பதால் அந்த முறை அரசு பலருக்குத் தளர்வு காட்டியது. இன்று 17 வருடம் கடந்துவிட்டது. புதிது என்ற சாட்டு இனிச் செல்லாது. ஆனால் எங்கள் சமூகத்தில் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் இந்தக் கணக்கை முதன்முதலாகத் திறக்கிறார். அவருக்கு அது புதிதுதான்.

பெறுமதி எங்கே இருக்கிறது

ரி.எஃப்.எஸ்.ஏயில் மதிப்புள்ளது காசு என்று நினைப்பதிலிருந்துதான் தவறு தொடங்குகிறது. காசை எங்கேயும் சம்பாதிக்கலாம். அந்தக் காசு வளர்வதற்கு வரியில்லாத இடத்தை அரசு அளந்துதான் தருகிறது. ஊரில் ஒரு போக விளைச்சல் பிழைத்தால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். காணி உறுதியை மட்டும் யாரும் கவனமில்லாமல் கையாள மாட்டார்கள். வரம்பு அந்த உறுதிதான்.

2009 இல் 18 வயதோ அதற்கு மேலோ நிரம்பியிருந்து, அன்றிலிருந்து கனடாவிலேயே வசிப்பவருக்கு 2026 வரை சேர்ந்திருக்கும் மொத்த வரம்பு 109,000 டொலர். முதல் நான்கு வருடம் 5,000. பிறகு இரண்டு வருடம் 5,500. 2015 இல் ஹார்ப்பர் அரசு அதை 10,000 ஆக உயர்த்தியது. அடுத்து வந்த ட்ரூடோ அரசு 2016 இலிருந்து மீண்டும் 5,500 ஆக்கியது. 2019 தொடக்கம் 2022 வரை 6,000, 2023 இல் 6,500, 2024 இலிருந்து 7,000. இந்த 109,000 என்ற எண் வானொலி விளம்பரத்திலும் துண்டுப் பிரசுரத்திலும் அடிக்கடி வருகிறது. பிந்தி வந்தவர்கள் அதைத் தங்களுக்குரியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கனடாவில் வதிவாளரான வருடத்திலிருந்துதான் வரம்பு சேரத் தொடங்கும். வந்த வருடத்துக்குரிய தொகை மட்டும், டிசம்பரில் வந்திருந்தாலும், முழுதாகக் கிடைக்கும்.

கணக்கை மாற்ற நினைப்பதில் பிழையே இல்லை. மாற்றாமல் இருப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் நட்டம். முதன்முதலில் சம்பளம் போட்ட வங்கியிலேயே ரி.எஃப்.எஸ்.ஏயையும் திறந்து, அரை வீத வட்டிக்கும் குறைவாக வருடக்கணக்கில் விட்டுவைத்திருப்பவர்கள் ஏராளம். 75,000 டொலருக்கு அரை வீதம் என்றால் வருடத்துக்கு 375 டொலர். 3 வீதம் தருமிடத்தில் அதே காசு 2,250 தரும். வரியே இல்லாத இடத்தில் வட்டியும் இல்லாமல் வைத்திருப்பதில் யாருக்கு லாபம்? வங்கிக்கு மட்டும்தான். ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: விளம்பரத்தில் சொல்லும் வட்டி எத்தனை மாதத்துக்கு? மூன்று, ஐந்து மாதச் சலுகை முடிந்ததும் இறங்கப்போகும் வட்டி எவ்வளவோ, அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

கேட்க வேண்டிய முறை

பழைய வங்கியிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. புதிய வங்கிக்குப் போய், “என்னுடைய ரி.எஃப்.எஸ்.ஏயை உங்களிடம் நேரடியாக மாற்ற வேண்டும், மாற்றுப் படிவம் தாருங்கள்” என்று சொல்லுங்கள். முதலில் அங்கே ஒரு ரி.எஃப்.எஸ்.ஏ திறப்பார்கள், சாதாரண சேமிப்புக் கணக்கு அல்ல, ரி.எஃப்.எஸ்.ஏதான் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய கணக்கின் கடைசி அறிக்கையைக் கையோடு கொண்டுபோனால் கணக்கிலக்கம் பிழைக்காது. முழுவதையும் மாற்றுவதா, ஒரு பகுதியையா, காசாகவா, இருக்கும் முதலீட்டை அப்படியேவா என்று படிவம் கேட்கும். கையெழுத்து வைத்தபின் வேலை அவர்களுடையது. புதிய வங்கி பழைய வங்கிக்கு எழுதும், அது காசை அனுப்பும். இரண்டு மூன்று கிழமை ஆகலாம், சிலவேளை கூடவும் ஆகும். அந்த இடைவெளியில் பழைய கணக்கில் போடவோ எடுக்கவோ வேண்டாம். மாதாமாதம் தானாகப் போகும் வைப்பு இருந்தால் முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள்.

எங்கள் ஆட்களின் மாற்றங்கள் தாமதமாகும் ஒரு காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பெயர். ஒரு வங்கியில் தகப்பன் பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இன்னொன்றில் முதற்பெயராக இருக்கும். ஓரிடத்தில் எழுத்துக் கூடியிருக்கும், ஓரிடத்தில் குறைந்திருக்கும். திருமணத்துக்குப் பின் மாறிய பெயர் ஒன்றில் ஏறியிருக்கும், மற்றதில் ஏறியிருக்காது. இருபது வருடத்துக்கு முன் தமிழில் வைத்த கையெழுத்து இப்போது ஆங்கிலத்தில் இருக்கும். பெயரோ கையெழுத்தோ பொருந்தாவிட்டால் பழைய வங்கி படிவத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். திரும்பி வந்த படிவத்தைக் கண்டு களைத்துப்போய், “விடு, நானே எடுத்துப் போடுறன்” என்று கிளம்புகிற இடத்தில்தான் ஆபத்து. படிவம் கொடுக்குமுன் இரண்டு வங்கியிலும் பெயரை ஒன்றாக்கிக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை.

பழைய வங்கி கட்டணம் கேட்கும். வங்கிக்கு வங்கி மாறும். 50 டொலரிலிருந்து 150 டொலர் வரை கேட்பது வழக்கம். ஓரளவு பெரிய தொகையோடு வருபவருக்குப் புதிய வங்கி அதைத் திருப்பித் தருவதும் உண்டு. கேட்டால்தான் தருவார்கள். கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்.

ஜி.ஐ.சி எனும் தவணை வைப்பில் போட்ட காசு வேறு கதை. தவணை முடியுமுன் எடுக்க முடியாத ஜி.ஐ.சி என்றால் முதிர்வுத் திகதி வரை அது அசையாது. முதிர்வுக்குச் சில கிழமைக்கு முன் படிவம் கொடுத்து, முதிர்ந்ததும் அனுப்பும்படி எழுதுவதே வழி. சும்மா விட்டால் பல வங்கிகளில் அது தானாகவே இன்னொரு தவணைக்குள் போய்விடும். பங்குகளை அப்படியே தரகு நிறுவனங்களுக்கிடையே மாற்றலாம். ஆனால் ஒரு வங்கி தனக்கென்று நடத்தும் மியூச்சுவல் ஃபண்டை மற்ற நிறுவனம் பெரும்பாலும் ஏற்காது. விற்றுக் காசாக்கித்தான் அனுப்புவார்கள்.

வீட்டு மேசையில் முகவர் ஒருவர் எழுதிக்கொடுத்த பழைய மியூச்சுவல் ஃபண்ட் என்றால் இன்னும் கவனம் தேவை. குறிப்பிட்ட வருடங்களுக்குள் விற்றால் பிற்கட்டணம் அறவிடும் வகை ஃபண்டுகளின் புதிய விற்பனை 2022 ஜூன் 1 இலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன் வாங்கியவற்றில் அந்தக் கட்டணம் இன்னும் உயிரோடு இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அது குறைந்துகொண்டே வரும். எத்தனையாம் வருடம், இன்று விற்றால் எவ்வளவு வெட்டுவார்கள் என்று எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வைப்புக் காப்புறுதியையும் இந்தச் சந்தர்ப்பத்தில் பார்த்துவிடுவது நல்லது. சி.டி.ஐ.சி என்ற கூட்டாட்சி வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் உங்கள் ரி.எஃப்.எஸ்.ஏயில் உள்ள சேமிப்புக்கும் ஜி.ஐ.சிக்கும் 100,000 டொலர் வரைதான் பொறுப்பேற்கிறது. 109,000 முழுவதையும் சேமிப்பாகவே ஒரு வங்கியில் வைத்திருப்பவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். ஒரு பகுதியை மட்டும் இன்னொரு வங்கிக்கு மாற்ற இது போதிய காரணம்.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்குச் சட்டத்துக்கு உட்பட்ட இன்னொரு வழி உண்டு. டிசம்பர் கடைசியில் காசை எடுத்து, ஜனவரியில் புதிய வங்கியில் போடுவது. ஜனவரி 1 ஆம் திகதி வரம்பு திரும்பிவிடுவதால் தண்டம் இல்லை. எடுப்பு டிசம்பருக்குள்ளேயே பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஃபண்டையோ பங்கையோ விற்று எடுப்பதானால் காசு கைக்கு வர ஓரிரு வேலை நாட்கள் ஆகும், நத்தார் விடுமுறையும் குறுக்கே நிற்கும். கடைசிக் கிழமை வரை விட்டுவைக்கக் கூடாது.

அம்மா அப்பாவின் கணக்கு

மற்ற எவரையும்விட முதியவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதியோர் ஓய்வூதியத்தோடு ஜி.ஐ.எஸ் எனும் வருமானக் கொடுப்பனவிலும் வாழும் பெற்றோருக்கு ரி.எஃப்.எஸ்.ஏ போன்ற சேமிப்பு வேறில்லை. ஆர்.ஆர்.எஸ்.பி எனும் ஓய்வுச் சேமிப்புத் திட்டத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டொலரும் வருமானமாகக் கணக்கிடப்பட்டு ஜி.ஐ.எஸ்ஸைக் குறைக்கும். ரி.எஃப்.எஸ்.ஏயிலிருந்து எடுப்பது வருமானமே அல்ல. ஆகவே அவர்களுடைய வரம்பு பிள்ளைகளுடையதைவிடப் பெறுமதியானது.

அந்தக் கணக்கைப் பெரும்பாலும் மகனோ பேத்தியோதான் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். “அப்பப்பா, அந்த வங்கியில வட்டி கூட, மாத்தி விடுறன்” என்று அன்போடு நாலு தட்டுத் தட்டினால் காசு ரி.எஃப்.எஸ்.ஏயிலிருந்து செக்கிங் கணக்குக்கும், அங்கிருந்து புதிய வங்கிக்கும் போய்விடும். ஒரு எச்சரிக்கையும் வராது. வரம்பு நிரம்பியிருந்தால் தண்டம் அன்றே தொடங்கிவிட்டது. ரி.எஃப்.எஸ்.ஏ வைப்பு எதையும் ஏற்குமுன் “இந்தக் காசு இன்னொரு ரி.எஃப்.எஸ்.ஏயிலிருந்து வருகிறதா?” என்று ஒரு கேள்வி கேட்கும் கடமையை வங்கிகளுக்குச் சட்டம் விதிக்க வேண்டும். எத்தனையோ குடும்பங்களின் காசு அந்த ஒரு கேள்வியில் மிஞ்சும்.

ஏற்கனவே தவறு நடந்துவிட்டதென்றால் முதல் வேலை, மீறிய தொகையை உடனே வெளியே எடுப்பது. கடிதம் வரும்வரை காத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் 1 வீதம் ஏறும். மாதத்தில் ஒரே ஒரு நாள் மீறியிருந்தாலும் அந்த மாதத்துக்குரிய வரி உண்டு என்பதால் மாத முடிவுக்குள் எடுத்துவிடுவது முக்கியம். பிறகு ஆர்.சி 243 என்ற படிவத்தை அடுத்த வருடம் ஜூன் 30 க்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிந்தினால் தனித் தண்டமும் வட்டியும். கூடவே, வரியைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டுக் கடிதம் எழுதலாம். நியாயமாக நேர்ந்த தவறு என்றும், தாமதிக்காமல் காசை வெளியே எடுத்தார் என்றும் திருப்திப்பட்டால் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. எடுத்த திகதியும் போட்ட திகதியும் தெரியும் இரண்டு வங்கி அறிக்கைகளையும் இணையுங்கள். ஒரே காசுதான் இடம் மாறியது என்பதை அவைதான் காட்டும்.

நேரடி மாற்றம் கேட்டும் வங்கி பிழையாகச் செய்திருந்தால், அது தன் தவறு என்று வங்கியே எழுதித் தரவேண்டும். தர மறுத்தால் முறைப்பாடு செய்யுங்கள். 56 நாளுக்குள் தீர்வு வராவிட்டாலோ, தீர்வில் திருப்தி இல்லாவிட்டாலோ ஓ.பி.எஸ்.ஐ எனும் சுயாதீன அமைப்புக்குப் போகலாம். 2024 நவம்பரிலிருந்து எல்லா வங்கிகளுக்கும் வெளி முறைப்பாட்டு அமைப்பு அது ஒன்றுதான். வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

புதிய வங்கியின் படிவத்தில் அவசரத்தில் வெறுமையாக விடப்படும் ஒரு கட்டம் உண்டு. இறந்தபின் கணக்கு யாருக்கு என்பது. பழைய வங்கியில் எழுதிவைத்த பெயர் காசோடு கூடவே வராது. புதிதாக எழுத வேண்டும். அதிலும் வாழ்க்கைத் துணையைப் பயனாளி என்று எழுதுவதற்கும் வாரிசுக் கணக்குதாரர் என்று எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வாரிசுக் கணக்குதாரர் என்றால் கணவர் இறந்ததும் அவருடைய ரி.எஃப்.எஸ்.ஏ அப்படியே மனைவியின் பெயரில் தொடரும். மனைவியின் சொந்த வரம்பில் ஒரு டொலரும் குறையாது. பயனாளி என்று மட்டும் இருந்தால், அந்தக் காசைத் தன் வரம்பைத் தொடாமல் தன் ரி.எஃப்.எஸ்.ஏயில் சேர்க்க அவர் இறப்பு நேர்ந்ததற்கு அடுத்த வருடம் டிசம்பர் 31 க்குள் வைப்புச் செய்து, வைத்த 30 நாளுக்குள் ஆர்.சி 240 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். துக்க வீட்டில் அந்தத் திகதியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? கியூபெக்கில் மட்டும் வங்கிப் படிவத்தில் இந்த நியமனம் செய்ய முடியாது. மொன்றியலில் இருப்பவர்கள் அதை உயிலில் எழுதியாக வேண்டும். மற்ற மாகாணங்களில் இருப்பவர்கள் மாற்றம் முடிந்து முதல் அறிக்கை வந்ததும் வங்கிக்கு ஒருமுறை அழைத்து, வாரிசுக் கணக்குதாரராக யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்.